மடிப்பு விழாத படிவங்கள்

குருவுக்கு வயது நாற்பத்து நாலு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். காலில் விழுவது, மரத்தடியில் உட்காருவது எல்லாம் இவர்களுக்குள் கிடையாது. பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை இரண்டாவது மாடியில் இருந்தது. மரம் கீழே, பைக் நிறுத்துகிற இடத்தில் நின்றது.

குரு ஹெப்சிபா, நூலக அறிவியல் பேராசிரியர். சீடர் சண்முகக்கனி, கோவில்பட்டிப் பக்கம் எட்டூர்ப்பட்டிக் கிளை நூலகத்தில் இருபத்தாறு வருடமாக நூலகர். ஓய்வு பெறுவதற்குள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுவிட வேண்டும் என்று பகுதிநேர ஆய்வில் சேர்ந்திருந்தார். எட்டூர்ப்பட்டி வாசகர்கள் நூலகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது ஆய்வு.

சண்முகக்கனியிடம் ஒரு வித்தை இருந்தது. யார் மாதிரி வேண்டுமானாலும் பேசுவார். ஒரு வாசகர் படியிறங்கிச் செருப்பை மாட்டுவதற்குள் அவருடைய செருமலை இங்கே உள்ளே செருமிக் காட்டிவிடுவார். ‘அமைதி காக்கவும்’ என்று சுவரில் பலகை மாட்டியவர் அவர்தான். பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து எல்லாரையும் சிரிக்க வைத்தவரும் அவர்தான்.

உறுப்பினர் பதிவேட்டில் ஐந்துக்கு ஒருவர் என்று எண்ணி முந்நூறு பேரைப் பொறுக்கினார். அப்படிப் பொறுக்கினால்தான் வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் ஆள் அமையும் என்று மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆளுக்கு ஒரு படிவம், இருபத்து நாலு கேள்வி. என்ன படிக்கிறீர்கள், எந்தப் பகுதி பிடிக்கும், எந்த நேரம் வசதி, என்ன குறை. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக எழுதிக் கொடுங்கள் என்று கொடுத்தனுப்பினார்.

இரண்டு மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு திரும்பி வந்தது. மிச்சம் எண்பத்தெட்டு வரவில்லை. ஒன்று மழைத் தண்ணீரில் கப்பலாகப் போனதை அவரே பார்த்தார். ஒன்றில் கடலை மடித்துக் கொடுத்தார்கள். வாங்கித் தின்றதும் அவரே.

சண்முகக்கனி மாடியேறிப் போய்க் கேட்டார்.

“மேடம், பதில் சொல்லாதவங்களை என்ன செய்யறது?”

“இன்னொரு தடவை போய்க் கேளுங்க சார்.”

“அப்பவும் சொல்லலேன்னா?”

“பதில் சொல்லலேன்னு எழுதுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கு மனசு ஆறவில்லை. ‘பதிலளிக்காதோர் 88.’ கட்டம் போட்டு அப்படி எழுதினால் அது இரங்கல் செய்தி மாதிரி இருக்கும் என்று தோன்றியது. டெய்லர் அற்புதராஜ் பதில் சொல்லாதவரா? வாயைத் திறந்தால் மூடாத மனுஷன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வேலாயுதப்பெருமாள் பதில் சொல்லாதவரா? கேள்வி கேட்குமுன் பதில் சொல்கிறவர். இருபத்தாறு வருடம் பார்த்த முகங்கள். அவர்கள் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

இன்னொரு தடவை போய்க் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி ஏற்றிவைத்து, மேஜையில் ஏழு பேனாவும் எண்பத்தெட்டு வெற்றுப் படிவமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் ஹெட்மாஸ்டர். மை பேனா. தொண்டையைச் செருமிக்கொண்டார். ‘இந்நூலகத்தின் மின்விசிறிகள் காற்றைவிட ஓசையையே மிகுதியாக வழங்குகின்றன. மேலும், தங்கள் ஒன்பதாம் வினாவில் ஒற்றுப்பிழை உள்ளது.’ ஒன்பதாம் கேள்வியில் அந்தப் பிழையைச் சிவப்பு மையில் சுழித்தும் வைத்தார்.

அடுத்து அற்புதராஜ். புள்ளியும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. ‘பேப்பர்ல நடிகை படத்த எவனோ பிளேடு வச்சி அறுத்துட்டுப் போறான் அண்ணாச்சி அவன மொதல்ல புடிங்க பெறவு குறை கேப்பம்.’

கட்சிக்காரர் துரைப்பாண்டிக்கு எழுத்து தானாகவே தடித்தது. ‘பொதுமக்கள் நலன் கருதி நாளிதழ்களின் எண்ணிக்கையை உடனடியாக உயர்த்திட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.’ நர்சிங் படிக்கிற பெண்ணுக்குப் பச்சை மை. ‘புக்ஸ் எல்லாம் சூப்பர். ஆனா ரொம்பப் பழசு. ஸாரி சார்.’

எழுத எழுத அவரே சிரித்தார். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்த டீக்கடைக்காரர், “என்ன அண்ணாச்சி, உள்ள எத்தன பேரு இருக்காக?” என்றார்.

“எண்பத்தெட்டு பேரு,” என்றார் சண்முகக்கனி.

தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற மாரீஸ்வரியின் படிவம் எழுபதாவதோ என்னவோ வந்தது. அவள் சாயங்காலம் ஆறேகாலுக்கு வருவாள். மூலை பெஞ்சில் வார இதழை விரித்து வைத்துக்கொண்டு எட்டு மணிவரை இருப்பாள். பேசவே மாட்டாள். பேசாதவளை நடிப்பது சுலபம். ‘பிடித்த பகுதி: வார இதழ்கள். குறை: ஒன்றும் இல்லை.’ சின்ன எழுத்தில், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் மேடத்துக்குப் போன் போட்டார்.

“மேடம், முந்நூறும் வந்துட்டு.”

“முந்நூறுமா?”

“முந்நூறும்.”

“நல்லது சார்,” என்றார் ஹெப்சிபா.

மாவட்ட அலுவலகத்தில் அப்போது ஆள் பற்றாக்குறை. எந்தக் கிளையை ஒரே ஷிப்டாக மாற்றலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆய்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டு முதல்கட்ட முடிவைக் கேட்டார்கள். சண்முகக்கனி எண்ணிக் கட்டம் போட்டுக் கொடுத்தார். காலை நேரம் வசதி என்றவர்கள் நூற்றெண்பத்தைந்து. மாலை என்றவர்கள் நூற்றுப் பதினைந்து. ஹெப்சிபா கீழே கையெழுத்துப் போட்டார்.

ஆனி மாதம் உத்தரவு வந்தது. ‘பார்வையில் கண்டுள்ள ஆய்வின் அடிப்படையில், மேற்படி கிளை நூலகம் இனி காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை மட்டுமே இயங்கும் எனத் தெரிவிக்கப்படுகிறது.’ மாலையில் துணைக்கு இருந்த உதவியாளரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

அதுவரை சண்முகக்கனி எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கி, ஒன்பது மணிக் கடைசி பஸ்ஸைப் பிடித்து, பத்து மணிக்கு வீட்டில் ஆறிப்போன சோற்றைத் தின்றவர். இப்போது மூன்று மணிக்கெல்லாம் இலை போட்டார்கள். ரசத்தில் ஆவி பறந்தது. இருபத்தாறு வருடத்தில் வேலை நாளில் அவர் அதைப் பார்த்ததில்லை.

“ஒங்க ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சிதான்,” என்றாள் மனைவி.

கார்த்திகையில் ஆய்வேட்டைக் கொடுக்கும் நாள் நெருங்கியது. ஹெப்சிபா சொன்னார்: “படிவங்களைக் கொண்டாங்க சார்.”

“கட்டம் போட்ட டேபிள்தான் இருக்கே மேடம்.”

“படிவங்களைக் கொண்டாங்க.”

இரண்டு கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். மூன்றாம் நாள் மேடம் கூப்பிட்டனுப்பினார்.

அறையில் நாற்காலியெல்லாம் ஓரமாக நகர்த்தியிருந்தது. ஹெப்சிபா தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது பக்கம் பெரிய அடுக்கு ஒன்று, வலது பக்கம் சின்ன அடுக்கு ஒன்று. சண்முகக்கனி எதிரே உட்கார்ந்ததும், ஹெப்சிபா சின்ன அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து வாசித்தார்.

“‘மின்விசிறிகள் காற்றைவிட ஓசையையே மிகுதியாக வழங்குகின்றன.’” சிரித்துவிட்டார். “யார் சார் இவரு?”

“எங்க ஊர் ஹெட்மாஸ்டர் மேடம். ரிட்டயர்டு. அப்படித்தான் பேசுவாரு.”

“இது? பிளேடு வச்சு அறுக்கிறவனைப் பிடிக்கச் சொல்றவரு?”

“டெய்லர் மேடம்!” சண்முகக்கனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அற்புதராஜ் மாதிரி இரண்டு வாக்கியம் பேசியும் காட்டினார். ஹெப்சிபா மறுபடி சிரித்தார்.

“முந்நூறையும் படிச்சேன் சார். இந்த எண்பத்தெட்டும்தான் உயிரோட இருக்கு. இந்தப் பக்கம் இருக்கிறவங்க பாதிக் கேள்வியை விட்டுட்டாங்க. ‘தெரியாது’, ‘பார்க்கலாம்’னு எழுதியிருக்காங்க. ஒருத்தர் கேள்விக்குப் பதிலா மளிகைச் சாமான் எழுதி வச்சிருக்காரு. இவங்க மட்டும் எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருக்காங்க.”

சண்முகக்கனி மெல்ல நிமிர்ந்தார்.

ஹெப்சிபா பெரிய அடுக்கிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். நாலாக மடித்த தடம். ஓரத்தில் எண்ணெய். மற்றொன்றை எடுத்தார். சட்டைப் பையில் கிடந்து வியர்வையில் கசங்கியது. இன்னொன்றில் மஞ்சள் கறை.

பிறகு சின்ன அடுக்கை அப்படியே தூக்கி அவர் மடியில் வைத்தார். எண்பத்தெட்டும் கடையில் வாங்கின கட்டு மாதிரி நேராக இருந்தது. ஒன்றிலும் ஒரு மடிப்பு இல்லை.

ஏழு பேனா மாற்றியிருந்தார். எழுத்தை மாற்றியிருந்தார். பிழையைக்கூட ஆளுக்குத் தக்கபடி மாற்றியிருந்தார். மடிக்க மறந்திருந்தார்.

“இதுல ஒண்ணுகூட யார் வீட்டுக்கும் போகலே,” என்றார் ஹெப்சிபா.

சண்முகக்கனி தாள்களை விசிறிப் பார்த்தார். “எனக்குத் தெரிஞ்சவங்கதான் மேடம்,” என்றார். “பொய்யா ஒண்ணும் எழுதலே. அவங்க என்ன சொல்லுவாங்களோ அதைத்தான் எழுதினேன்.”

“சரி. பதினேழாவது கேள்விக்குப் பதிலை மட்டும் வாசிங்க. ஒவ்வொருத்தர் குரல்லயும்.”

“விளையாடாதீங்க மேடம்.”

“வாசிங்க சார்.”

பதினேழாவது கேள்வி: நூலகத்துக்கு வர உங்களுக்கு வசதியான நேரம் எது?

சண்முகக்கனி தொண்டையைச் செருமினார். ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். “காலை வேளையே உகந்தது.” அடுத்த தாள். அற்புதராஜ். “காலைலதான் அண்ணாச்சி.” அடுத்தது துரைப்பாண்டி. “காலை நேரத்தையே கழகத்தினர்... பொதுமக்கள் விரும்புகின்றனர்.” நர்சிங் பெண். “மார்னிங் ஓகே சார்.”

குரல் நன்றாகத்தான் வந்தது. கொஞ்சம் கையைக்கூட ஆட்டினார்.

“காலை.” “காலையில.” “காலைதான் சௌகரியம்.” “வெள்ளன வந்துட்டு வெள்ளன போயிரலாம்.”

இருபதாவது தாளில் கை ஆடுவது நின்றது. முப்பதைத் தாண்டும்போது பெட்டிக்கடைக்காரர் குரலும் போஸ்ட்மேன் குரலும் ஒரே மாதிரி வந்தது. அடுத்த தாளைத் திருப்புவதற்கு முன்னாலேயே அதில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்பதுக்குப் பிறகு எந்தக் குரலும் இல்லை. சண்முகக்கனியின் குரல் மட்டும், “காலை... காலை... காலை...” என்று போய்க்கொண்டிருந்தது.

ஹெப்சிபா நிறுத்தச் சொல்லவில்லை. எண்பத்தெட்டும் முடிந்தது.

“நெனச்சு எழுதலே மேடம்,” என்றார் சண்முகக்கனி. “தானா வந்தது.”

“தெரியும் சார்.”

“என் சௌகரியத்துக்காக எழுதினேன்னு நெனச்சிராதீங்க.”

ஹெப்சிபா எழுந்துபோய்ப் பலகையில் எழுதினார். எண்பத்தெட்டை எடுத்துவிட்டால் காலை தொண்ணூற்றேழு. மாலை நூற்றுப் பதினைந்து.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “முந்நூறுமான்னு கேட்டேன். முந்நூறும்னீங்க. எந்த ஊர்லயும் கொடுத்தது முழுசா வராது சார். அது எனக்குத் தெரியும். நீங்க டேபிள் கொண்டுவந்த அன்னைக்கு எனக்கு மூணு மீட்டிங். கையெழுத்துப் போட்டுட்டேன்.”

சண்முகக்கனி மடியிலிருந்த அடுக்கைத் தரையில் இறக்கி வைத்தார்.

“இப்ப என்ன செய்யணும் மேடம்?”

ஹெப்சிபா அலமாரியைத் திறந்து எண்பத்தெட்டு வெற்றுப் படிவங்களை எண்ணிக் கொடுத்தார்.

“எண்பத்தெட்டு பேர்கிட்டயும் போங்க. பேனா கொண்டுபோகாதீங்க. அவங்க பேனாவுல அவங்க எழுதட்டும்.”

மூன்று வாரம் அலைந்தார். இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். அதில் ஒருவர் அவர் படிவம் எழுதிய அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்திய மாதமே போய்விட்டிருந்தார். ஒன்பது பேர் ஊர் மாறிவிட்டார்கள்.

ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் பதில் எழுதினார். பதினேழாவதில் பேனாவை நிறுத்தினார்.

“காலையில் நான் எப்படி வர இயலும்? கண்ணில் சொட்டு மருந்து விடுகிறார்கள். பன்னிரண்டு மணி வரை எழுத்து தெரியாது. ஐந்து ஆண்டாக நான் மாலையில்தானே வந்துகொண்டிருந்தேன்? தாங்கள் கவனித்ததில்லையா?”

கவனித்திருந்தார். அவருடைய செருமலைக் கவனித்திருந்தார்.

அற்புதராஜ் தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே சிரித்தார். “நல்லா கேட்டீக போங்க. காலையில கடைய யாரு பாப்பா? கடையப் பூட்டிட்டுத்தான அண்ணாச்சி ஒங்கட்ட வருவேன்? இப்ப நீங்க நமக்கு முன்ன பூட்டிட்டுப் போயிருதீக.”

ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான். இவருக்குத் தெரியாததை யாரும் சொல்லவில்லை.

மாரீஸ்வரியைக் கடைசியாகத்தான் பார்க்க முடிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறாள் என்றார்கள். காலை ஏழேகாலுக்கு அவள் தெருமுனையில், தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருகிற இடத்தில் போய் நின்றார். தூக்குவாளியோடு வந்தாள்.

“என்ன சார் இந்தப் பக்கம்?”

படிவத்தை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள்.

“இது முன்னாடியே குடுத்தீங்கல்ல சார்? நான்தான் திருப்பித் தரல. அம்மாவுக்கு முடியாம ஆஸ்பத்திரியில கெடந்தா. மூணு நாலு மாசம் கழிச்சுத்தான் எழுதி எடுத்துட்டு வந்தேன். ஆறேகாலுக்கு வந்தா ஷட்டர் போட்டிருந்துச்சு. மறுநாளும் வந்தேன். பெறவுதான் நேரம் மாத்திட்டாங்கன்னு சொன்னாக.”

“வீக்லி வாங்கிப் படிச்சுக்கிறியாம்மா?”

எதையாவது கேட்க வேண்டும் என்று கேட்டார்.

“வீக்லியா?” அவள் சிரித்தாள். “அது மேல மூடிக்கிறதுக்கு சார். உள்ள பத்தாங்கிளாஸ் புக்கு இருக்கும். எட்டோட நின்னுட்டேன்ல. முப்பத்தோரு வயசுல சயின்ஸ் புக்கப் பிடிச்சிட்டு ஒக்காந்தா பாக்கறவங்க சிரிப்பாங்க. நீங்க வேற எல்லாரு மாதிரியும் பேசிக் காட்டுவீங்களா...”

வாக்கியத்தை முடிக்காமல் தூக்குவாளியை மறுகைக்கு மாற்றினாள்.

“பரீட்சை எழுதினியாம்மா?”

“மூணு சப்ஜெக்ட் முன்னாடியே பாஸ். கணக்கும் சயின்ஸும் இருந்துச்சு. வீட்ல எங்க சார் படிக்க? ஒத்த ரூம்புல ஆறு பேரு. நூலகந்தான் எடம். அது போன பெறவு ஹால் டிக்கட்ட வாங்கவே போகல. இப்ப ஞாயித்துக்கெழமையும் வேலைக்கு வாரேன்னு சொல்லிட்டேன்.”

சொல்லாமல் வந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. சண்முகக்கனி அதை நினைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“நீ திருப்பித் தராத ஃபாரத்த நானே எழுதிட்டேம்மா. உன் பேர்ல.”

“என் பேர்லயா? என்னன்னு?”

“காலையில வர்றதுதான் வசதின்னு.”

மாரீஸ்வரி அவரைப் பார்த்தாள். கோபப்படவில்லை. ஒரு கணக்கு ஏன் வரவில்லை என்று பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“காலையில நா எங்க இருப்பேன்னு ஒங்களுக்குத் தெரியுமே சார். தெனமும் நீங்க ஸ்டாண்டுல பஸ்ஸ விட்டு எறங்கயில எங்க வேன் ஒங்களத் தாண்டித்தான போகும். ஜன்னல்லருந்து கை காட்டுவேன். நீங்களும் கை காட்டுவீங்க.”

ஆமாம். தினமும் கை காட்டுவார்.

வேன் வந்தது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து, “ஏட்டீ, ஏறு!” என்று யாரோ கத்தினார்கள்.

“எழுதித் தாரியாம்மா? இப்ப எழுதித் தந்தா...”

“இப்ப எதுக்கு சார்?” என்றாள். படிவத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

வேன் திரும்பும்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கை வெளியே வரவில்லை.

அன்றைக்கே மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார். தம் ஆய்வில் எண்பத்தெட்டுப் பதில்கள் தாமே எழுதியவை என்றும், உண்மைப்படி மாலை நேரம் வேண்டியவர்களே அதிகம் என்றும் எழுதினார். அடித்துத் திருத்தாமல் எழுதினார். பதினெட்டு நாளில் பதில் வந்தது. ‘உதவியாளர் பணியிடம் ஏற்கெனவே மறு ஒதுக்கீடு செய்யப்பட்டுவிட்டதால், தங்கள் கோரிக்கை அடுத்த ஆய்வின்போது பரிசீலிக்கப்படும். மேலும், தங்கள் செயல் குறித்து விளக்கம் தனியே கோரப்படும்.’

கிளார்க் குரல். சண்முகக்கனி அதைப் பேசிப் பார்க்கவில்லை.

தை பிறந்து மாடியேறிப் போனார். மேஜையில் படிவங்களை வைத்தார். அறுபத்தொன்றில் எழுத்து இருந்தது. பத்தொன்பது பேர் காலை. நாற்பத்திரண்டு பேர் மாலை.

“மிச்சம்?” என்றார் ஹெப்சிபா.

“ரெண்டு பேர் இல்லை. ஒன்பது பேர் ஊர்ல இல்லை. பதினாறு பேர் பதில் சொல்லலே.”

ஹெப்சிபா தலையசைத்தார். சண்முகக்கனி மாரீஸ்வரியைப் பற்றிச் சொன்னார். முழுதும் சொன்னார். வேன், ஜன்னல், மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த பதில் எல்லாம். யார் குரலும் போடாமல் சொன்னார். ஹெப்சிபா ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“நானும் உங்க மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன் சார். படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு. எனக்கும் இதே பதில்தான் வந்தது.”

சண்முகக்கனி பையிலிருந்து திருத்திய ஆய்வேட்டை எடுத்து நீட்டினார். ‘ஆய்வின் வரையறைகள்’ என்ற பக்கத்தில் மூன்று வரி இருந்தது. ஆய்வு ஓர் ஊரோடு நின்றுவிட்டது. காலம் குறைவு. மூன்றாவது: ‘எண்பத்தெட்டுப் படிவங்கள் உரிய காலத்தில் வாசகர்களிடமிருந்து பெறப்படாமல், ஆய்வாளரால் நிறைவு செய்யப்பட்டன.’

ஹெப்சிபா பென்சிலால் மூன்றாவது வரியை அடித்தார்.

“ஏன் மேடம்? உண்மைதானே அது?”

“உண்மைதான் சார். இடம் இது இல்லே. நம்மால முடியாமப் போனதை இங்க எழுதலாம். இது நாம செஞ்சது.”

“அப்ப எங்க எழுதணும்?”

ஹெப்சிபா தாள்களைப் புரட்டி ‘கண்டறிந்தவை’ என்ற அத்தியாயத்தை எடுத்தார். அதன் முதல் வரிக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் பென்சிலை வைத்துக் காட்டினார்.

“எழுதினா பட்டம் வருமா மேடம்?”

“தெரியாது. என் பேரும் முதல் பக்கத்துல இருக்கு. எனக்கு என்ன வரும்னும் தெரியாது.”

சண்முகக்கனி அந்த இடத்தைப் பார்த்தார். இரண்டு விரல் அகலம் இருக்கும்.

“என்னன்னு எழுதட்டும் மேடம்? ஒரு வரி நீங்களே சொல்லுங்களேன்.”

“நான் சொல்லி நீங்க எழுதினா, அதுவும் வேற ஒருத்தர் நிரப்பிக் கொடுத்த படிவம்தான் சார்,” என்றார் ஹெப்சிபா. தம் பேனாவின் மூடியைத் திறந்து அவர் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

சண்முகக்கனி பேனாவை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

எந்தக் குரலும் வரவில்லை.